கைலாசத்தின் குழிவுகள்

கல்லில் விழும் குழியை எப்போது சிதைவு என்கிறோம், எப்போது வடிவம் என்கிறோம் என்ற கேள்வி கொஞ்ச காலமாக என்னை விடாமல் அரிக்கிறது. காஞ்சிபுரத்தின் மேற்குக் கோடியில், பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருக்களை ஒட்டி நிற்கும் கைலாசநாதர் கோயிலில் தொடங்கிய கேள்வி அது. ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கோயில். சுற்றுமதிலின் உட்புறம் வரிசையாக 58 சிற்றாலயங்கள். முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. பல சிங்கங்களுக்கு இப்போது முகம் இல்லை. முகம் இருந்த இடத்தில் வழவழப்பான பள்ளம். சிலவற்றில் சிறு சிறு துளைகள் ஒன்றோடொன்று கலந்து பெரிதாகிக்கொண்டிருக்கும் சொரசொரப்பு. பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். பிறகு, இந்தக் கோயில் எந்த மலையின் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அந்த மலையின் படத்தைப் பார்த்தபோது மனம் வேறு மாதிரி நடந்துகொண்டது. கைலாயத்தின் வடமுகம் ஒரு மாபெரும் இழப்பு. அங்கே இருந்த பாறை முழுவதையும் பனி தின்றுவிட்டது. எஞ்சிய செங்குத்துச் சுவரைப் பார்த்து யாரும் உச்சுக் கொட்டுவதில்லை. கைகூப்புகிறோம். அதே இழப்புக்கு இரண்டு விதமான மரியாதை ஏன் என்று யோசிக்கத் தொடங்கியதிலிருந்து சிங்கங்களின் முன்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை.

இந்தக் கோயிலின் அடித்தளத்தில் கருங்கல். மேலே எழும் உடல் மணற்கல். வேறுபாடு தெரிய நிபுணத்துவம் எதுவும் தேவையில்லை. அடித்தளக் கருங்கல்லில் வெட்டிய பல்லவர் காலத்து எழுத்துகளின் விளிம்பு இன்றும் விரல் நுனியில் இடறுகிறது. அதற்கு ஒரு முழம் மேலே, மணற்கல்லின் மீது உள்ளங்கையை வைத்து எடுத்தால் ரேகைகளில் மணல் ஒட்டியிருக்கிறது. மணற்கல் எளிதில் உளிக்கு இணங்கும். சோமாஸ்கந்தரின் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கும் நெளிவையும், உமையின் இடையின் சாய்வையும் இவ்வளவு நெருக்கமான சிற்பங்களாகச் செதுக்க முடிந்ததற்கு அந்த இணக்கமும் ஒரு காரணம். அதே இணக்கம்தான் தண்ணீரையும் உள்ளே விட்டது. மணலுக்கும் மணலுக்கும் இடையே உள்ள நுண்ணிய இடைவெளி வழியாக ஈரம் ஏறுகிறது, உப்பைக் கரைத்து எடுத்துவருகிறது. வெயில் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. தங்கிய உப்பு படிகமாக வளரும்போது தன்னைச் சுற்றியுள்ள மணிகளைத் தள்ளுகிறது. ஒரு தடவை தள்ளினால் ஒன்றும் ஆகாது. மழையும் கோடையும் மாறி மாறி வந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் தள்ளினால் சிங்கத்துக்கு முகம் இருக்காது. பழைய மராமத்துகளில் ஏறிய சுதைப் பூச்சுகள் சில இடங்களில் பட்டை பட்டையாக உரிந்து நிற்கின்றன. அந்தப் பூச்சுகளுக்கு அடியில் இருந்துதான் 1931இல் ழூவோ துப்ருய் என்ற ஆய்வாளர் பல்லவர் ஓவியங்களின் மிச்சங்களைக் கண்டெடுத்தார். மூடியதும் காப்பாற்றியிருக்கிறது என்பது இதில் சிக்கலான விஷயம்.

மலையில் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன். பள்ளிப் புவியியலில் சர்க் என்று படித்துக் கடந்துபோன மலைக் குழிவு: மூன்று பக்கம் செங்குத்துச் சுவர், ஒரு பக்கம் திறப்பு, குழிந்த தரை, திறப்பில் சற்று உயர்ந்த பாறை வாசற்படி. பனி போன பிறகு அந்தத் தரையில் ஏரி தேங்கும். அது தொடங்குவது மிக எளிமையாக. வெயில் குறைவாகப் படும் சரிவில், ஏற்கெனவே ஒரு சிறு பள்ளத்தில், ஒரு வருடத்துப் பனி அடுத்த வருடம் வரை உருகாமல் கிடக்கிறது. அதன்மேல் இன்னொரு வருடத்துப் பனி. எடை கூடக் கூட அடியில் இருப்பது இறுகி, காற்றை இழந்து, நீலம் பாய்ந்த பனிக்கட்டியாகிறது. சுமார் 30 மீட்டர் தடிமன் வந்ததும் தன் எடையைத் தானே தாங்க முடியாமல் மெல்ல நகரத் தொடங்குகிறது. நகர்வது கீழ்நோக்கி மட்டும் அல்ல. நார்வேயின் யோட்டுன்ஹைமன் மலையில் வெஸ்ல்-ஸ்கவுட்ப்ரீன் என்ற சிறிய பனியாற்றுக்குள் 1950களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜின் டபிள்யூ. வி. லூயிஸும் அவருடைய குழுவினரும் சுரங்கம் குடைந்து, பனி எப்படி நகர்கிறது என்று உள்ளேயே போய் அளந்தார்கள். அந்தப் பனி முழுவதும் ஒரே பிண்டமாக, தலைப்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் எழுந்து, சுழன்றுகொண்டிருந்தது. தரை குழிவதும், வாசற்படி குழியாமல் நிற்பதும் அந்தச் சுழற்சியால்தான். பனியின் அடியில் சிக்கிய கற்கள் தரையை உராய்ந்து தேய்க்கின்றன. பின்சுவரில் பனி பற்றிய பாறைத் துண்டுகள் பிடுங்கப்படுகின்றன. இதற்கெல்லாம் வெகு முன்பே, 1883இல், கலிஃபோர்னியாவின் லயல் சிகரத்தில் வில்லர்ட் ஜான்சன் என்பவர் பனிக்கும் சுவருக்கும் இடையே திறந்திருந்த பிளவுக்குள் கயிற்றில் சுமார் 150 அடி இறங்கினார். அடியில் அவர் கண்டது, பிளந்து, தளர்ந்து, பாதி பிடுங்கப்பட்ட நிலையில் நிற்கும் பாறை. அந்த இருட்டில், சொட்டும் நீரின் ஓசையில், மலை வடிவம் பெற்றுக்கொண்டிருப்பதை நேரில் பார்த்த முதல் ஆட்களில் அவர் ஒருவராக இருக்க வேண்டும். அந்த இறக்கத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பனி பாறையை எப்படிப் பிளக்கிறது என்பதற்கு நாம் படித்த விடை, தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் பெருக்கும், விரிசலை அகட்டும் என்பது. விடை பொய்யல்ல, ஆனால் போதாது. நாலா பக்கமும் அடைபட்ட விரிசலில்தான் அந்தப் பெருக்கம் வேலை செய்யும். மலையின் விரிசல்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் திறந்தே கிடக்கின்றன. 1985இல் வால்டர், ஹாலெட் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த கணக்கு வேறொன்றைச் சொன்னது. பாறைக்குள் உருவாகும் பனித்தகடு, சுற்றிலும் உள்ள நுண்துளைகளிலிருந்து உறையாத நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு வளர்கிறது. வளரும் படிகம்தான் பாறையை நெட்டித் தள்ளுகிறது. கடுங்குளிரில் நீர் நகர முடியாது, மிதமான குளிரில் படிகம் வளராது. பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 3 முதல் 8 டிகிரி வரையிலான குறுகிய வெப்பநிலைப் பட்டையில்தான் இந்த வேலை மும்முரமாக நடக்கிறது. இதைப் படித்தபோது கையில் மணல் ஒட்டிய ஞாபகம் வந்தது. துளைக்குள் ஒரு படிகம், நீரை இழுத்து வளர்ந்து, சுவரைத் தள்ளுவது. காஞ்சியில் அது உப்பு, கைலாயத்தில் அது பனி. மே மாதத்து வெயிலில் நின்றால் செருப்பில்லாத கால் பொசுங்கும் ஒரு பிராகாரத்திலும், பனி ஒருபோதும் விலகாத ஒரு மலைச் சுவரிலும் ஏறத்தாழ ஒரே வேலை நடந்துகொண்டிருக்கிறது. கோயிலுக்குப் பெயர் வைத்தவர்கள் இதை அறிந்திருக்க வழியில்லை. அறியாமலே பெயர் பொருந்திவிட்டது என்று சொல்லி மகிழ்ந்துவிடவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பொருத்தங்கள் சிந்தனையை உறங்க வைக்கக்கூடியவை.

ஏனென்றால் இதுவரை சொன்னதில் பாறைக்குப் பேச இடமே தரவில்லை. பனி குடைந்தது, உப்பு குடைந்தது என்று குடைந்தவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஹெய்ன்ஸ் என்ற ஆய்வாளர் 1968இல் ஸ்காட்லாந்தின் மலைக் குழிவுகளை அளந்து, பனியரிப்புக்கு எவ்வளவு பங்கு, பாறையின் கட்டமைப்புக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டதன் பின்னால் இந்த மனக்குறைதான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். பாறைக்குள் பனிக்கு வெகு முன்பே கோடுகள் ஓடுகின்றன. படிவங்கள் அடுக்கிய தளங்கள், மலை எழுந்தபோது விழுந்த விரிசல்கள், மேலே இருந்த சுமை விலகியதும் திறந்துகொண்ட பிளவுகள். இந்தத் தளங்கள் குழிவை நோக்கிச் சரிந்திருந்தால் துண்டுகள் வழுக்கி விழும். சுவர் அந்தச் சரிவின் கோணத்துக்கே படிந்துபோகும், எவ்வளவு பனி இருந்தாலும் செங்குத்தாகாது. மலைக்குள்ளே நோக்கிச் சரிந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் பின்னால் சாய்ந்து அமர்ந்திருக்கும், சுவர் நிமிர்ந்து நிற்கும். கிடைமட்டமாக இருந்தால் படிகள் உண்டாகும். பிரெனீஸ் மலையின் கவார்னியில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் மாபெரும் படிவரிசையாக வளைந்து நிற்பது அப்படித்தான். விரிசல் நெருங்கிய பாறையைப் பனி துண்டு துண்டாகப் பிடுங்கும். விரிசல் அரிதான பாறையைத் தேய்க்கத்தான் முடியும். பிள்ளையார்பாளையத்துத் தெருவில் விடிகாலையில் பாவு விரித்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: தறியில் ஊடை எந்தப் பக்கம் ஓடினாலும், பாவில் இல்லாத அகலத்தை அது கொண்டுவந்துவிட முடியாது. பனி ஊடையாகத்தான் வருகிறது. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. செதுக்குகிறவனுக்கே எல்லாப் புகழையும் கொடுத்துப் பழகிவிட்டோம், இணங்கிய கல்லுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை.

கைலாயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1936இல் ஆகஸ்ட் கான்சர் என்ற சுவிஸ் புவியியலாளர் யாத்ரீகர் வேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து அந்த மலையைச் சுற்றிவந்தார். அவர் கண்ட பாறை கூழாங்கற்கள் செறிந்த கூட்டுப்பாறை. கிட்டத்தட்ட இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், வடக்கே நின்ற வேறொரு மலைத்தொடரை ஆறுகள் அரித்து, உருட்டி, வழவழப்பாக்கிக் கொண்டுவந்து கொட்டிய கற்கள் இறுகி உருவான அடுக்குகள். அந்த மலையிலிருந்து பறிபோனவைதான் இந்த மலை. மடிப்பும் முறிவுமாகக் கிடக்கும் இமய நிலத்தில் இந்த அடுக்குகள் மட்டும் ஏறக்குறையக் கிடைமட்டமாகவே தூக்கப்பட்டிருக்கின்றன. படங்களில் நாம் காணும் கைலாயத்தின் கோடுகளெல்லாம் அந்த அடுக்குகள். மெலிந்த அடுக்கு உள்வாங்கியிருக்கிறது, தடித்த அடுக்கு துருத்தியிருக்கிறது, துருத்திய விளிம்புகளில் பனி தங்கி வெள்ளைக் கோடு இழுக்கிறது. தென்முகத்தின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் பள்ளம் அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டுகிறது. சுற்றிலும் பனி குடைந்து குடைந்து நெருங்கிவர, குடையப்படாமல் நடுவில் மிஞ்சியதுதான் சிகரம். கங்கோத்ரிப் பனியாற்றுக்கு மேலே 6,543 மீட்டரில் நிற்கும் சிவலிங்கச் சிகரமும் அப்படி மிஞ்சியது. அங்கே பாறை வேறு, வெளிர்நிற கிரானைட். அதனால் அது ஊசியாகக் கூர்ந்தது, கைலாயமோ அடுக்கு மாடமாக நின்றது. உச்சியை வழிபடுகிற நாம், அந்த உச்சிக்கு உருவம் தந்த குழிவுகளை ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1997இல் நங்கா பர்பத்தைச் சுற்றிய வடமேற்கு இமயத்தில் செய்த ஓர் ஆய்வு, நிலம் வேகமாக உயரும் இடத்திலும் மெதுவாக உயரும் இடத்திலும் மலைகளின் பெரும்பரப்பு ஏறத்தாழப் பனிக்கோட்டின் உயரத்தையே ஒட்டி நிற்பதாகக் கண்டது. எவ்வளவு வேகமாகத் தூக்கினாலும் பனி அந்த மட்டத்தில் வெட்டிவிடுகிறது. மலையின் உயரத்தைக்கூட அதன் குழிவுகள் தீர்மானிக்கின்றன என்பது எனக்கு இன்னும் முழுதாகச் செரிக்கவில்லை.

பல்லவர்கள் மலையை இரண்டு வழியிலும் செய்து பார்த்தவர்கள். மாமல்லபுரத்து ரதங்கள் எடுத்துக் கழித்தவை. முழுப்பாறையின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் செதுக்கி வந்திருக்கிறார்கள், சிலவற்றின் அடிப்பகுதி இன்னும் முடியாமல் பாறையாகவே நிற்கிறது. அங்கே பாறையைப் பிளப்பதற்காக வரிசையாக வெட்டிய சிறு துளைகளை இன்றும் பல இடங்களில் காணலாம். ஆப்பு இறங்கிய இடங்கள். மலையில் பனி செய்வதை உளியும் ஆப்பும் செய்திருக்கின்றன, அங்கேயும் பாறையின் வாட்டம் பார்த்துத்தான் துளை போட்டிருப்பார்கள். கைலாசநாதர் கோயிலோ கல்மேல் கல் வைத்துக் கூட்டியது. அதே ராஜசிம்மன் கடற்கரைக் கோயிலுக்குக் கெட்டிப்பாறையையும் காஞ்சிக்கு மணற்கல்லையும் கொண்டான். கூட்டிக் கட்டிய மலையிலும் நடுவில் ஒரு குழிவு வேண்டியிருக்கிறது. கருவறை. பதினாறு பட்டை கொண்ட கருநிற லிங்கத்தைச் சுற்றி ஒரு குறுகிய வழி இருக்கிறது. நுழையும்போதும் வெளியே வரும்போதும் தவழ்ந்துதான் போக வேண்டும். மறுபிறப்பு என்று சொல்லி அர்ச்சகர் வழிகாட்டுவார். உள்ளே கல்லின் குளிர்ச்சியும் வௌவால் வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும். தோள் இரண்டு பக்கமும் உரசும். எவ்வளவு தோள்கள் உரசியிருந்தால் ஒரு சுவர் இவ்வளவு வழவழப்பாகும்! அந்த வழவழப்பை யாரும் சிதைவு என்று சொல்வதில்லை, பக்தியின் தடம் என்கிறார்கள். உப்புக்கும் தோளுக்கும் நாம் ஒரே நீதி வழங்கவில்லை.

இதையெல்லாம் இப்படிக் கோர்த்துக்கொண்டே போகும்போது எதிர்க்கேள்விகளும் வருகின்றன. உருவம் ஒன்றாக இருப்பதால் காரணமும் ஒன்றாக வேண்டும் என்பதில்லை. காஞ்சியிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போனால் கைவிட்ட கல்குவாரிகள் கிடக்கின்றன. மூன்று பக்கம் செங்குத்துச் சுவர், ஒரு பக்கம் லாரி ஏறிய திறப்பு, அடியில் பச்சைநிறத் தண்ணீர்; சற்று தூரத்திலிருந்து பார்த்தால் பனி விட்டுப்போன ஏரியேதான். குடைந்தது வெடிமருந்தும் பொக்லைனும். நீலகிரியின் மேல்மட்டத்தில் சோலைக்காடு தங்கும் வளைந்த பள்ளங்களும் தொலைவிலிருந்து குழிவுகளாகவே தெரிகின்றன. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவைச் சுற்றிய மலைகளைப் பனியாறு குடைந்ததில்லை, அது நீரும் வெப்பமும் நீண்ட காலமும் செய்த வேலை. ஆனால் இந்தத் தீபகற்பத்துக்குப் பனி அந்நியம் என்றும் சொல்லிவிட முடியாது. 1856இல் ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதியில் நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும், மென்மையான சேற்றுப்பாறைக்குள் பெரிய உருண்டைப் பாறைகள் சிதறிக் கிடப்பதைக் கண்டு, வெப்பநிலத்தின் நடுவில் நின்றுகொண்டு, இதைப் பனிதான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று துணிந்து சொன்னார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென்துருவத்தை ஒட்டிய பெருங்கண்டத்தின் பகுதியாக இருந்தபோது பனி இங்கே பரந்திருந்தது. அந்தக் காலத்து மலைகளில் குழிவுகள் இருந்திருந்தால் அவற்றின் சுவர்களும் தேய்ந்துபோயின. குழிவும் நிலைத்த வடிவம் அல்ல. அது தேய்ந்து மறையும்போது அதற்குச் சிதைவு என்ற சொல்லைத் தருவோமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு அமைதியாக இதைப் பேசிக்கொண்டிருக்க ஒரு தேதி என்னை விடுவதில்லை. 2021 பிப்ரவரி 7. உத்தராகண்டின் சமோலியில், ரோண்டி சிகரத்தின் செங்குத்து முகத்திலிருந்து 2 கோடியே 70 லட்சம் கனமீட்டர் பாறையும் பனியும் ஒரே ஆப்பாகப் பெயர்ந்து விழுந்தன. அதில் பெரும்பங்கு பாறை. ரிஷிகங்கையிலும் தௌலிகங்கையிலும் சேறும் கல்லுமாக இறங்கி இரண்டு மின்திட்டங்களை அடித்துச் சென்றது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தபோவனத்திலும் அதைச் சுற்றியும் வேலைக்கு வந்தவர்கள். பெயர்ந்த துண்டின் பக்கங்கள் பாறைக்குள் முன்பே ஓடிய விரிசல் தளங்களை ஒட்டியே அறுந்திருந்தன. மலை வடிவம் பெறுவது என்று இத்தனை பத்திகளாக நான் எழுதிய அதே செயல்தான் அன்று காலையில் நடந்தது. அதன் கீழே மனிதர்கள் இருந்தார்கள். பனியாறு மெலிந்து விலகும்போது அது இதுவரை சாய்ந்து தாங்கியிருந்த சுவர்கள் முட்டுக்கொடுப்பை இழக்கின்றன, உறைந்து ஒட்டியிருந்த விரிசல்கள் இளகுகின்றன. இனி வரும் ஆண்டுகளில் இமயத்தின் குழிவுகளில் இப்படிப்பட்ட பெயர்வுகளை எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆகவே வடிவம், சிதைவு என்ற இரண்டு சொற்களும் ஒன்றே என்று என்னால் முடித்துவிட முடியாது. சுவருக்குக் கீழே யார் நிற்கிறார்கள், எத்தனை காலத்துக்கு நிற்கிறார்கள் என்பதைக் கேட்காமல் இரண்டில் எதையும் உச்சரிக்கக் கூடாது என்ற இடத்துக்கு மட்டும் வந்திருக்கிறேன்.

சிங்கத்தின் கீழே நிற்பது நாம்தான். மலைக்குக் கோடி ஆண்டுகள் உண்டு, இழந்த பாறையைப் புதிய பாறை எழும்பி ஈடு செய்யும். ராஜசிம்மனின் தச்சர்கள் திரும்ப வரப்போவதில்லை. அதனால் கோயிலின் குழிவுகளை மலையின் குழிவுகளைப் போல விட்டுவிடலாம் என்று வாதாடும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் இழந்த முகத்தின் மேல் சுதையால் புதிய முகம் வைப்பதை ஏற்கவும் மனம் வரவில்லை. அது கல் தன் போக்கில் எங்கே இணங்கியது என்ற செய்தியை அழிக்கிறது. சிமெண்டுப் பூச்சு இன்னும் மோசம். ஈரத்தை உள்ளேயே அடைத்து, உப்பைப் பூச்சுக்குப் பின்னால் வளரவிடும். கடற்கரைக் கோயிலில் தொல்லியல் துறை காகிதக் கூழை நனைத்துக் கல்லின் மேல் அப்பி, காயவிட்டு, அதில் ஏறும் உப்போடு உரித்தெடுக்கும் முறையைப் பின்பற்றுகிறது. அலுப்பூட்டும் வேலை, படம் எடுத்துப் போடும்படி ஒன்றும் தெரியாது. அப்பி, காத்திருந்து, உரித்து, மறுபடி அப்ப வேண்டும். கல்லின் கட்டமைப்பு எப்படிப்பட்டது, நீர் அதற்குள் எந்த வழியில் ஏறுகிறது என்று தெரிந்துகொண்டு செய்யும் வேலை அது. காஞ்சியின் மணற்கல்லில் உப்பு எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, எந்தச் சிற்றாலயத்தின் எந்தப் பக்கத்தில் அதிகம், மழைநீர் பிராகாரத்தில் எங்கே தேங்கிச் சுவருக்குள் இறங்குகிறது என்பதை 58 சிற்றாலயங்களுக்கும் ஆண்டுக்கு ஆண்டு அளந்து, பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஸ்காட்லாந்தின் குழிவுகளுக்குச் செய்ததை நம் சிங்கங்களுக்கும் செய்யலாம்.